குஸ்தாவ் ஸ்திரேசெமான்

நாடு செழித்திருக்குங் காலத்தில் அதனை ஆள முன்வருவோர் பலர். அது நிலைகுலைந்து தத்தளிக்குங் காலத்தில் சுக்கானைப் பற்றுவோர் மிகச் சிலர். அச்சிலர்க்கும் நன்றியினும் பழியே பெரும்பாலும் பரிசாகக் கிடைக்கின்றது. முதலாவது மகாயுத்தத்தில் தோற்றுப் பொருளும் பெருமையும் இழந்து நின்ற ஜேர்மனியை ஆறாண்டுக் காலம் தாங்கி நின்ற குஸ்தாவ் ஸ்திரேசெமானின் வாழ்க்கை இதற்குத் தக்க சான்றாகும். சரித்திர நூலில் உடன்படிக்கைகளின் நடுவே அவர் பெயரை மட்டுமே கண்டிருக்கும் நம் மாணவர்க்காக அவ்வாழ்க்கையை ஈண்டுச் சுருக்கி உரைக்க விரும்புகின்றோம்.

ஸ்திரேசெமான் 1878ஆம் ஆண்டு மே மாதம் 10ஆந் தேதி பேர்லின் நகரிற் பிறந்தார். தந்தையார் பியர் மதுவைப் போத்தலில் அடைத்து விற்கும் சிறு வணிகர். பேர்லினிலும் லைப்சிக்கிலும் பல்கலைக்கழகக் கல்வி பெற்ற மைந்தர், தந்தையின் தொழிலையே ஆராய்ச்சிப் பொருளாகக் கொண்டு, பேர்லின் நகரத்துப் போத்தல் பியர் வணிகத்தைப் பற்றிக் கட்டுரை வரைந்து கலாநிதிப் பட்டம் பெற்றார். பின்னர் சக்சனி மாகாணத்துத் தொழிலதிபர்களை ஒரு சங்கமாகத் திரட்டினார். 1907இல், இருபத்தெட்டாம் வயதிலேயே பாராளுமன்றம் புகுந்தார்.

அவருடைய முற்காலக் கொள்கைகளை மறைத்துக் கூறுதல் முறையன்று. யுத்தகாலத்தில் அவர் அந்நிய நிலங்களைக் கைப்பற்ற வேண்டுமென வாதித்தார். நீர்மூழ்கிக் கப்பல்களின் கட்டற்ற போரை ஆதரித்தார். சக்கரவர்த்தியின் ஆட்சி வீழ்ந்து 1919இல் குடியரசு அமைந்தபோது, அவரும் அவர் தலைமை தாங்கிய மக்கட் கட்சியினரும் அதன் அரசியற் சட்டத்துக்கு எதிராகவே வாக்களித்தனர். எனினும், பழைய ஆட்சி மீளாதென்பதையும், குடியரசு வீழின் நாடே சிதறுமென்பதையும் அவர் மெல்ல மெல்ல உணர்ந்தார்.

1923ஆம் ஆண்டு சனவரியில், யுத்த இழப்பீட்டுப் பொருள்கள் முற்றாகச் செலுத்தப்படவில்லையென்று பிரான்சும் பெல்ஜியமும் நிலக்கரி வளமிக்க றூர் பிரதேசத்துட் படையுடன் புகுந்தன. ஜேர்மன் அரசு தொழிலாளரை வேலை செய்யாதிருக்கப் பணித்தது. அவர்க்கு ஊதியங் கொடுக்கக் காகித நோட்டுக்களை அளவின்றி அச்சிட்டது. யுத்தத்துக்கு முன் 4.2 மார்க் கொடுத்துப் பெற்ற ஓர் அமெரிக்க டொலருக்கு, அவ்வாண்டு நவம்பரில் 4.2 இலட்சங் கோடி மார்க் கொடுக்க வேண்டியதாயிற்று. வாழ்நாளெல்லாஞ் சிக்கனமாய்ச் சேர்த்து வைத்தோரின் சேமிப்பு ஒரு வேளை உணவுக்கும் போதாதாயிற்று. காலையிற் பெற்ற கூலி மாலைக்குள் மதிப்பிழந்தது.

இந்நிலையில், ஆகஸ்டு 13ஆந் தேதி ஸ்திரேசெமான் பிரதம மந்திரியானார். செப்டெம்பர் 26ஆந் தேதி றூர் எதிர்ப்பை நிறுத்துவதாக அறிவித்தார். தோல்வியை விளைத்தவர் அவரல்லர். அதனை ஒப்புக்கொண்டவர் அவர். ஆயினும் துரோகி என்னும் வசை அவர்மீதே விழுந்தது. நவம்பர் 8ஆந் தேதி இரவு மூனிச் நகரில் ஹிட்லர் ஆட்சியைக் கவிழ்க்க முயன்று மறுநாளே தோற்றார். அம்மாதம் 15ஆந் தேதி, நிலத்தையும் தொழில்களையும் ஈடாகக் கொண்ட றென்ரன்மார்க் என்னும் புதிய நாணயம் வெளிவந்தது. ஓர் இலட்சங் கோடி பழைய மார்க்குக்கு ஒரு புதிய மார்க் என மதிப்பிடப்பட்டது. அதன் தொகை வரையறுக்கப்பட்டதாலும், அரசு நோட்டடித்துச் செலவிடும் வழி அடைக்கப்பட்டதாலும் மக்கள் அதனை நம்பினர். எட்டு நாள் கழித்து அவருடைய மந்திரிசபை பாராளுமன்றத்தில் வீழ்ந்தது. நூறு நாளுக்கு மேல் மூன்றே நாள் நீடித்த ஆட்சி அது.

அதன்பின் இறக்கும்வரை அவர் வெளிநாட்டு மந்திரியாகவே பணியாற்றினார். 1924இல் டோஸ் திட்டம் இழப்பீட்டுத் தவணைகளை ஒழுங்குபடுத்தி, 80 கோடி பொன் மார்க் கடனும் பெற்றுக்கொடுத்தது. 1925இல் லொக்கார்ணோ உடன்படிக்கையால் ஜேர்மனி தன் மேற்கெல்லையை ஏற்றுக்கொண்டது. கிழக்கே போலந்துடனான எல்லையை ஏற்க அவர் இறுதிவரை இசைந்தாரல்லர். 1926இல் ஜேர்மனி சர்வதேச சங்கத்தில் இடம்பெற்றது. அவ்வாண்டுக்குரிய சமாதான நோபெல் பரிசு அவருக்கும் பிரெஞ்சு மந்திரி பிரியானுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது.

ஆனால் அவர் எழுப்பிய மாளிகையின் அடித்தளம் அந்நியக் கடன். அமெரிக்கப் பணம் திரும்பப் பெறப்படின் யாவுஞ் சரியுமென்பதை அவரே அறிந்திருந்தார். 1929 ஆகஸ்டில் ஹேக் மாநாட்டில், றைன் பிரதேசத்து அந்நியப் படைகள் வெளியேறுவதற்கு உடன்பாடு பெற்றார். நோய் முற்றிய உடம்போடு ஒக்டோபர் 2ஆந் தேதியும், வேலையற்றோர் காப்புறுதி பற்றிய பிணக்கால் கூட்டரசு உடையாதிருக்கத் தம் கட்சியினரை இரந்து இணங்கச் செய்தார். மறுநாட் காலையில் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 51.

மூன்று வாரத்தில் நியூயோர்க் பங்குச் சந்தை சரிந்தது. கடன்கள் மீளத் திரும்பின. ஆறு மாதங் கழியுமுன் அதே காப்புறுதிப் பிணக்காற் கூட்டரசு உடைந்தது. 1932இல் வேலையற்றோர் தொகை 60 இலட்சத்தை எட்டியது. 1928இல் 12 ஆசனங்களே பெற்ற நாஜிக் கட்சி, 1932 யூலையில் 230 பெற்றது. 1933 சனவரி 30ஆந் தேதி ஹிட்லர் பிரதம மந்திரியானார். யூத குலத்துதித்த ஸ்திரேசெமானின் மனைவியாரும் மைந்தரும் நாடு துறந்து செல்ல நேர்ந்தது.

அவர் உண்மையிற் சமாதானத்தை விரும்பினாரா, நாட்டின் வலிமை மீளும்வரை காலத்தைக் கடத்தினாரா என்று சரித்திர ஆசிரியர்கள் வாதிடுவர். இரண்டிலும் உண்மை உண்டென்றே நாம் கருதுகின்றோம். ஐயத்துக்கிடமில்லாதது ஒன்றுண்டு: தாம் நெடுங்காலம் பேசிவந்தது பிழையெனக் கண்டபோது, அவர் பலரறியத் தம்மைத் திருத்திக்கொண்டார், அதற்குரிய பழியையுந் தாமே சுமந்தார். நாளை பொதுவாழ்விற் புகவிருக்கும் நம் மாணவர், அவர் பெற்ற பரிசினும் இதனையே பெரிதாக மதிப்பாராக.