வயலின் கலைக்கு வாழ்வளித்த ஜுசெப்பே ஃபியொரீனி

திருவிழாப் பாடல்களில் வயலின் இழைந்து வரும்போது நம் உள்ளம் உருகுகிறது. வாசிப்பவரைப் பாராட்டுகிறோம், அதைச் செய்த கைகளை நினைப்பவர் சிலரே. அத்தகைய கைகளுக்கு உரியவர் ஒருவரின் வரலாறு இது.

இத்தாலி நாட்டில், பொலோஞா நகருக்கு அருகிலுள்ள பட்சானோ என்னும் ஊரில் 1861ஆம் ஆண்டு பிறந்தவர் ஜுசெப்பே ஃபியொரீனி. ஜுசெப்பே என்பது நாம் சூசை என்று வழங்கும் பெயரே. தந்தையார் வயலின் செய்பவர். மகனும் அவரிடமே தொழில் கற்றார். 1880களின் இறுதியில் ஜெர்மனியின் மியூனிக் நகரில் குடியேறி, பட்டறை அமைத்துப் புகழ் பெற்றார். 1915இல் இத்தாலி முதல் உலகப் போரில் இறங்கவே, அங்கிருந்து சுவிட்சர்லாந்தின் சூரிச் நகருக்குப் பெயர்ந்தார்.

புகழ் இருந்தும் அவர் நெஞ்சில் ஒரு கவலை இருந்தது. 1737இல் கிரெமோனா நகரில் மறைந்த மாமேதை அந்தோனியோ ஸ்திராதிவாரியின் செய்முறை, அவ்வூரிலேயே அருகிப்போயிருந்தது. ஸ்திராதிவாரி முதலில் மரத்தால் ஓர் உள் அச்சு செய்துகொள்வார். மெல்லிய மேப்பிள் மரப் பட்டைகளைச் சூட்டில் வளைத்து அதைச் சுற்றிப் பொருத்துவார். பிறகே ஸ்புரூஸ் மரத்தில் மேற்பலகையும், மேப்பிள் மரத்தில் அடிப்பலகையும் உருவாகும். பிற்காலத்தவர் பலரோ, செய்து முடித்த வயலினை அளந்து நகல் எடுத்தே தொழில் நடத்தினர்.

ஸ்திராதிவாரியின் அச்சுகள், காகித மாதிரிகள், கருவிகள் ஆகியவற்றை 1770களில் அவர் மகனிடமிருந்து கோட்சியோ என்னும் பிரபு வாங்கியிருந்தார். அவை பின்னர் ஓர் உயர்குடிக் குடும்பத்தின் வசம் இருந்தன. 1920இல் ஃபியொரீனி 1,00,000 லிரா கொடுத்து அவற்றை வாங்கினார். வைத்து அழகு பார்க்க அன்று. இத்தாலியில் ஒரு வயலின் பள்ளி எழும்ப வேண்டும், அதற்கு அவை ஆதாரமாக வேண்டும் என்பதே அவர் ஆசை. ஆண்டுகள் கடந்தும் ஆசை கைகூடவில்லை. வயது ஏறியது; கண்பார்வையும் மங்கியது. ஆயினும் அவர் மனம் சோரவில்லை. 1930இல் அவை அனைத்தையும் கிரெமோனா நகருக்கே கொடையாக வழங்கினார். 1934இல் மியூனிக்கில் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1938இல், கிரெமோனாவில் வயலின் பள்ளி தொடங்கிற்று. அதைக் காண அவர் இல்லை. பல நாட்டு இளைஞர் அங்கு வந்து இத்தொழில் பயின்றனர். 2012இல் யுனெஸ்கோ நிறுவனம் கிரெமோனாவின் வயலின் கலையை மனித குலத்தின் மரபுச் செல்வமாக ஏற்றது. ஃபியொரீனி அளித்த பொருள்கள் அந்நகரின் வயலின் அருங்காட்சியகத்தில் உள்ளன.

தாம் பாடுபட்டுத் தேடியதைத் தமக்குப் பின் வரும் அறியாத பிள்ளைகளுக்கென்று கொடுத்துவிட்டுப் போனார். அவர்கள் செய்யும் வயலின்களில் அவர் உழைப்பும் சேர்ந்தே ஒலிக்கிறது.