நீதியரசர் முத்துசாமி ஐயர்

சர் தி. முத்துசாமி ஐயர் 1832-இல் தஞ்சை மாவட்டத்தில் வறிய குடும்பத்தில் தோன்றினார். இளமையிலேயே தந்தையை இழந்து, திருவாரூரில் மாதம் 1 ரூபாய் ஊதியத்தில் கிராமக் கணக்கு வேலை பார்த்தார். தாசில்தார் முத்துசாமி நாயக்கர் அச்சிறுவனின் அறிவுக்கூர்மை கண்டு சென்னைக்கு அனுப்பிப் படிக்க வைத்தார். தெருவிளக்கின் ஒளியில் அவர் பயின்ற செய்தியை யாவரும் அறிவர். (ஆலையில் இரவுப் பணி முடித்து வந்து கவிதை புனையும் நம் படப்பை அன்பர்களுக்கு அது வெறுங்கதையன்று.)

நீதித்துறைப் பணியில் இருந்துகொண்டே 1871-இல் சட்டப் பட்டம் பெற்றார். சென்னை உயர்நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியாக அவர் அமர்த்தப்பட்டபோது ஆங்கிலேயர் ஏடுகள் சீறின. மறுத்துரைக்க நம்மவர்க்கு வலுவான ஏடு இல்லை. அக்குறையே இளைஞர் அறுவரை உந்தியது. கடன் வாங்கிய 1 ரூபாய் 12 அணாவில் 80 படிகள் அச்சிட்டு, 1878 செப்டம்பர் 20-இல் ‘தி இந்து’ வார இதழைத் தொடங்கினர். அவர்களுள் ஒருவரான ஜி. சுப்பிரமணிய ஐயரே 1882-இல் ‘சுதேசமித்திரன்’ கண்டார். 1904-இல் பாரதி உதவியாசிரியராய்ச் சேர்ந்தது அவ்விதழில்தான். ஒரு நீதிபதி நியமனத்திலிருந்து நம் மகாகவி வரை நீளும் இவ்விழையை நாம் எண்ணிப் பார்ப்பதேயில்லை.

1893-இல் சிறிது காலம் தலைமை நீதிபதியின் பொறுப்பையும் ஏற்ற ஐயர், 1895 ஜனவரியில் மறைந்தார். உயர்நீதிமன்றத்தினுள் அவருடைய பளிங்குச் சிலை இன்றும் உண்டு. தலையில் தலைப்பாகை, கால்களில் செருப்பில்லை.