சார்லஸ் டார்வின்: கேள்வி கேட்டவர், சண்டை போடாதவர்



இந்த மாத சுவர் இதழுக்கு ஆளுக்கொரு விஞ்ஞானியின் வாழ்க்கையை எழுதித் தரணும் என்று ஆசிரியர் சொன்னதும் நியூட்டன், எடிசன், சர் சி.வி. ராமன் எல்லோரையும் மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். நான் சார்லஸ் டார்வினை எடுத்தேன். அதற்கு ஒரு காரணம் இருக்கு. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் தினமும் ராத்திரி குடும்ப ஜெபம் உண்டு. ஆச்சிக்குக் கண் சரியாகத் தெரியாது. அதனால் வேதாகமம் வாசிப்பது என் வேலை. ஜனவரி பிறந்ததும் முதல் பக்கத்திலிருந்து புதிதாக ஆரம்பிப்போம். ஆறு நாளில் கடவுள் எல்லாவற்றையும் படைத்த அதிகாரம் அதுதான். அதே வாரம்தான் வகுப்பில் பரிணாமப் பாடமும் நடந்தது. வாசித்து முடித்த பிறகு நான் சும்மா இருந்திருக்கலாம். இதெல்லாம் வெறும் கதை ஆச்சி, டார்வின் எப்பவோ பொய்னு நிரூபிச்சுட்டார் என்று சொல்லிச் சிரித்துவிட்டேன்.

ஆச்சி திட்டவில்லை. புத்தகத்தை வாங்கி மூடி வைத்தாங்க. மறுநாளிலிருந்து தம்பியை வாசிக்கச் சொல்லிட்டாங்க. அவன் நாலாம் வகுப்பு. எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பான். பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கேட்க எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. டார்வின் உண்மையிலேயே என்னதான் சொன்னார், அவர் வீட்டில் யாருமே ஜெபம் பண்ணினதில்லையா என்று நூலகத்தில் தேடிப் படித்தேன். படித்ததை இங்கே எழுதுகிறேன்.

போதகராகப் படித்தவர்

டார்வின் 1809 பிப்ரவரி 12-ஆம் தேதி இங்கிலாந்தில் ஷ்ரூஸ்பரி என்ற ஊரில் பிறந்தார். அப்பா ராபர்ட் பெரிய டாக்டர். டார்வினுக்கு எட்டு வயதாகும்போதே அம்மா இறந்துவிட்டார். பள்ளிப் படிப்பில் அவர் சுமார்தான். 16 வயதில் மருத்துவம் படிக்க எடின்பரோவுக்கு அனுப்பினார்கள். மயக்க மருந்து வராத காலம் அது. ஒரு குழந்தைக்கு நடந்த அறுவை சிகிச்சையைப் பார்க்க முடியாமல் பாதியிலேயே வெளியே ஓடி வந்துவிட்டார். டாக்டர் கனவு அதோடு சரி.

அப்பா யோசித்துப் பார்த்து, போதகர் ஆவதற்காகக் கேம்பிரிட்ஜில் சேர்த்துவிட்டார். ஆமாம் நண்பர்களே, டார்வின் சர்ச்சில் பிரசங்கம் செய்வதற்காகப் படித்தவர்! கடிகாரத்தைப் பார்த்தால் அதைச் செய்தவர் ஒருவர் உண்டு என்று தெரிகிற மாதிரி, உயிர்களின் அமைப்பைப் பார்த்தால் படைத்தவர் உண்டு என்று தெரியும் என வாதிட்ட பேலி என்பவரின் புத்தகம் அப்போது அவருக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஆனால் நேரமெல்லாம் வண்டு பிடிப்பதில்தான் போனது. ஒருநாள் இரண்டு கையிலும் ஒவ்வொரு அபூர்வ வண்டு. மூன்றாவதாக இன்னொன்று கண்ணில் பட்டது. விட மனசில்லை. ஒரு கையில் இருந்ததை வாயில் போட்டுக்கொண்டார்! அது எரிகிற திரவத்தைப் பீய்ச்சியது. நாக்கு வெந்துபோய் துப்பிவிட்டார். வாயில் இருந்ததும் போச்சு, மூன்றாவதும் போச்சு.

ஐந்து வருடக் கடல் பயணம்

1831 டிசம்பர் 27-இல் பீகிள் என்ற கப்பல் உலகப் பயணம் புறப்பட்டது. 22 வயது டார்வினும் அதில் ஏறினார். கேப்டன் ஃபிட்ஸ்ராய். பயணம் முழுக்க டார்வினுக்கு வாந்தி, தலைசுற்றல். ஆனாலும் கரை இறங்கினால் ஓயமாட்டார்.

அர்ஜென்டினாவில் அழிந்துபோன ராட்சத விலங்குகளின் எலும்புகளைத் தோண்டி எடுத்தார். அவை அதே கண்டத்தில் இப்போதும் வாழும் சின்ன விலங்குகளின் சாயலில் இருந்தன. 1835 பிப்ரவரி 20-இல் சிலி நாட்டில் பெரிய பூகம்பம். கடற்கரை நிலமே சில அடி உயர்ந்து, பாறையில் ஒட்டியிருந்த சிப்பிகள் தண்ணீருக்கு மேலே வந்து செத்துக் கிடந்தன. ஒரே நாளில் சில அடி என்றால், கோடிக்கணக்கான வருஷத்தில் ஒரு மலையே எழும்பும் அல்லவா? பூமிக்கு ஆறாயிரம் வயதுதான் என்று ஜனங்களில் நிறைய பேர் நம்பிய காலம் அது. இன்றைக்குப் பாறைகளை ஆராய்ந்து பூமியின் வயது சுமார் 450 கோடி ஆண்டுகள் என்று கண்டுபிடித்திருக்கிறார்கள்.

அதே ஆண்டு செப்டம்பரில் கலாபகஸ் தீவுகள். ஓட்டைப் பார்த்தே எந்தத் தீவு ஆமை என்று சொல்லிவிடலாம் என்று அங்கிருந்த அதிகாரி ஒருவர் சொன்னார். தீவுக்குத் தீவு ஏன் வேறுபாடு? அங்கே குருவிகளைப் பார்த்த உடனே டார்வினுக்குப் பரிணாமம் புரிந்துவிட்டதாக நாம் நினைக்கிறோம். அப்படி இல்லை. 1836 அக்டோபரில் ஊர் திரும்பி, 1837-இல் ஜான் கூல்டு என்ற பறவை நிபுணர் அவை தனித்தனி இனங்கள் என்று சொன்ன பிறகுதான் அவருக்குப் பொறி தட்டியது.

அவர் கண்டுபிடித்த இயற்கைத் தேர்வு இதுதான். பிறக்கிற எல்லா உயிரும் பிழைப்பதில்லை. பிறப்பிலேயே சின்னச் சின்ன வேறுபாடுகள் இருக்கும். இருக்கிற சூழலுக்கு எது பொருந்துகிறதோ அது அதிகம் பிழைத்து அதிகம் குட்டி போடும். பல தலைமுறை போனால் இனமே மாறும். 1977-இல் கலாபகஸில் ஒரு வறட்சி வந்தது. சின்ன விதைகள் தீர்ந்துபோய், கெட்டியான விதையை உடைக்கும் பெரிய அலகுக் குருவிகளே அதிகம் பிழைத்தன. அடுத்த தலைமுறைக் குருவிகளுக்குச் சராசரி அலகு பெரிதாகிவிட்டது. பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் என்ற தம்பதியர் இதை அளந்தே பார்த்தார்கள்.

எம்மா எழுதிய கடிதம்

இனிமேல் வருவதுதான் எனக்கு முக்கியம்.

1839 ஜனவரி 29-இல் டார்வின் தன் மாமா மகள் எம்மாவைக் கல்யாணம் செய்துகொண்டார். மதத்தில் உனக்குச் சந்தேகம் இருந்தால் மனைவியிடம் சொல்லாதே என்பது அப்பாவின் அறிவுரை. டார்வின் கேட்கவில்லை. கல்யாணத்துக்கு முன்னாலேயே எல்லாவற்றையும் எம்மாவிடம் சொல்லிவிட்டார்.

எம்மாவுக்கு ஆழ்ந்த பக்தி. செத்த பிறகு அன்பானவர்கள் மறுபடி சந்திப்பார்கள் என்று நம்பினார். கணவருக்கு நம்பிக்கை போய்விட்டால் இரண்டு பேரும் என்றைக்கும் சேர முடியாதே என்று பயந்தார். அதைக் கோபமாகக் கத்தாமல் ஒரு கடிதமாக எழுதிக் கொடுத்தார். நிரூபித்தால்தான் நம்புவேன் என்ற பழக்கம், நிரூபிக்க முடியாத விஷயங்களுக்கும் பொருந்துமா என்று அதில் கேட்டிருந்தார். டார்வின் அந்தக் கடிதத்தைச் சாகும்வரை பத்திரமாக வைத்திருந்தார். அதைப் பல தடவை முத்தமிட்டு அழுததாகக் கடைசியில் தன் கையாலேயே எழுதியும் வைத்தார்.

1844-இல் தன் கொள்கையை 230 பக்கத்தில் எழுதி முடித்தார். வெளியிடவில்லை. தான் திடீரென்று இறந்துபோனால் 400 பவுண்டு செலவழித்து இதை வெளியிடணும் என்று ஒரு கடிதம் வைத்தார். யாருக்குத் தெரியுமா? எம்மாவுக்கு! எந்தக் கொள்கையை நினைத்து எம்மா பயந்தாரோ அதையே எம்மாவை நம்பி ஒப்படைத்தார். எம்மாவும் அதைப் படித்தார். கண் எப்படி உருவானது என்ற இடத்தில், இது பெரிய ஊகமாக அல்லவா இருக்கிறது என்கிற மாதிரி ஓரத்தில் குறிப்பும் எழுதினார்.

1851 ஏப்ரல் 23-இல் அவர்களுடைய மகள் ஆனி பத்து வயதில் இறந்தாள். வைத்தியத்துக்குப் போன ஊரில் டார்வின் பக்கத்தில் இருந்தார். நிறைமாதமாக இருந்ததால் எம்மாவால் போக முடியவில்லை. டார்வினிடம் மிச்சமிருந்த நம்பிக்கை இந்தச் சாவோடு போய்விட்டது என்று எழுதுகிறவர்கள் உண்டு. அதே துக்கத்தில் எம்மா கடவுளை விடாமல் பிடித்துக்கொண்டார். ஒரே வீடு, ஒரே குழந்தை, இரண்டு முடிவு.

ஞாயிற்றுக்கிழமை எம்மாவும் பிள்ளைகளும் சர்ச்சுக்குள் போவார்கள். டார்வின் உள்ளே போகாமல் நடந்துவிட்டு வருவார். ஆனால் ஊர்ப் போதகரும் அவரும் நல்ல நண்பர்கள். ஊர் ஏழைகளின் சேமிப்புச் சங்கக் கணக்கைப் பல வருஷம் டார்வின்தான் பார்த்தார்.

புத்தகம் வந்தது, சண்டை வந்தது

1858 ஜூனில் மலாய்த் தீவுகளிலிருந்து ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர் ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ். படித்தால் டார்வினின் அதே கொள்கை! இருபது வருஷ உழைப்பு. அந்த நேரத்தில் டார்வினின் கைக்குழந்தையும் காய்ச்சலில் இறந்துபோனது. ஜூலை 1-இல் லண்டன் லின்னேயன் சங்கத்தில் இருவர் பெயரிலும் கட்டுரை வாசிக்கப்பட்டது. யார் முந்தி என்று இருவரும் அடித்துக்கொள்ளவில்லை. கடைசிவரை மரியாதையாகவே பழகினார்கள்.

1859 நவம்பர் 24-இல் சிற்றினங்களின் தோற்றம் என்ற புத்தகம் வெளிவந்தது. முதலில் அச்சிட்ட 1250 பிரதிகளுக்கும் கடைக்காரர்கள் உடனே ஆர்டர் கொடுத்துவிட்டார்கள். 1860 ஜூன் 30-இல் ஆக்ஸ்போர்டில் பிஷப் வில்பர்ஃபோர்சும் விஞ்ஞானி ஹக்ஸ்லியும் இதைப் பற்றிக் காரசாரமாக மோதினார்கள். பீகிள் கேப்டன் ஃபிட்ஸ்ராயே வேதாகமத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு டார்வினை எதிர்த்தார். உடம்பு சரியில்லாத டார்வின் அங்கே போகவே இல்லை. அதே சமயம் சார்லஸ் கிங்ஸ்லி என்ற போதகர் புத்தகத்தை வரவேற்றார். அமெரிக்காவில் டார்வினுக்காக வாதாடிய தாவரவியல் அறிஞர் ஏசா கிரே, பக்தியுள்ள கிறிஸ்தவர்.

முதல் உயிர் எப்படி வந்தது என்று அந்தப் புத்தகத்தில் டார்வின் விளக்கவே இல்லை. ஓர் உயிரிலிருந்து பல இனங்கள் எப்படி வந்தன என்பதைத்தான் விளக்கினார். 1871-இல் நண்பர் ஹூக்கருக்கு எழுதிய கடிதத்தில், வெதுவெதுப்பான ஒரு சின்னக் குட்டையில் முதல் உயிர் தோன்றியிருக்கலாமோ என்று ஊகித்ததோடு சரி. 1953-இல் ஸ்டான்லி மில்லர் மீத்தேன், அமோனியா, ஹைட்ரஜன், நீராவி இவற்றில் மின்பொறி செலுத்தி அமினோ அமிலங்களை உண்டாக்கிய ஆய்வை வெளியிட்டார். ஆனால் உயிரில்லாத பொருளிலிருந்து ஒரு முழு உயிருள்ள செல்லை இன்றுவரை யாரும் உண்டாக்கியதில்லை. அந்தக் கேள்வி நமக்காகக் காத்துக்கொண்டிருக்கு.

கடவுள் உண்டா இல்லையா என்று கேட்டவர்களுக்கு, தன்னால் முடிவு செய்ய முடியவில்லை என்றே டார்வின் பதில் எழுதினார். கடவுளை நம்புகிறவர் பரிணாமத்தையும் ஏற்றுக்கொள்ளலாம் என்பதில் மட்டும் அவருக்குச் சந்தேகமே இல்லை.

தாயம் மாதிரி ஒரு விளையாட்டு

தினமும் ராத்திரி டார்வினும் எம்மாவும் பேக்கேமன் விளையாடுவார்கள். நம்ம தாயம் மாதிரி உருட்டிக் காய் நகர்த்துகிற விளையாட்டு. விஞ்ஞானி இல்லையா, அதற்கும் கணக்கு வைத்திருந்தார்! 1876 வரைக்கும் எம்மா 2490 ஆட்டம், அவர் 2795 ஆட்டம் ஜெயித்திருந்தார்கள்.

1882 ஏப்ரல் 19-இல் டார்வின் இறந்தார். லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் அபே என்ற பெரிய சர்ச்சுக்குள், நியூட்டன் கல்லறைக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். சாகும்போது மனம் மாறிவிட்டார் என்று பிற்பாடு ஒரு கதை கிளம்பியது. கடைசி நேரத்தில் கூடவே இருந்த மகள் ஹென்ரியட்டா அதைப் பொய் என்று மறுத்தார். எம்மா அதற்குப் பிறகு 14 வருஷம் வாழ்ந்தார். அந்த வீட்டில் கடைசிவரை அவர் டார்வினாக மாறவில்லை, டார்வின் எம்மாவாக மாறவில்லை. 43 வருஷம் சேர்ந்து வாழ்ந்தார்கள்.

இதையெல்லாம் ஒரு ராத்திரி ஆச்சியிடம் சொன்னேன். குரங்கு, குருவி எல்லாம் கேட்டுக்கொண்டே பாக்கு இடித்தாங்க. ஆனி இறந்ததைச் சொன்னதும் இடிக்கிறதை நிறுத்திட்டாங்க. ஆச்சிக்கும் ஒரு பெண்பிள்ளை ஏழு வயதில் காய்ச்சலில் இறந்துபோனது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். அந்த வேதாகமத்துக்குள் அத்தையின் ரிப்பன் இருக்கு. நான் பக்க அடையாளம் என்று நினைத்துத் தினமும் தள்ளித் தள்ளி வைத்த சிவப்பு ரிப்பன்.

மன்னிப்புக் கேட்டேன். நாளைக்கு நீயே வாசி, சின்னவன் வாசிக்கிறதுக்குள்ள விடிஞ்சிரும் என்றாங்க.

நான் பாடத்தை மாற்றிக்கொள்ளவில்லை நண்பர்களே. பரிணாமத்துக்குச் சான்று இருக்கு. பரீட்சையிலும் அதைத்தான் எழுதுவேன். ஆச்சியும் மாறவில்லை. குரங்கும் நாமும் ஒரே மூதாதை வழி வந்த உறவு என்றால் ஆச்சிக்கு இன்னும் சிரிப்புத்தான். ஆனால் இப்போது தினமும் அடுத்த கேள்வி அவங்களிடமிருந்துதான் வருது. நேற்று கேட்டது: அந்தக் குட்டைக்குத் தண்ணீர் எங்கிருந்துடா வந்தது?

உங்களுக்குப் பதில் தெரிந்தால் எனக்குச் சொல்லுங்கள்.



10-ஆம் வகுப்பு மாணவன்

பெட்டிச் செய்தி: மண்புழுவுக்குக் காது கேட்குமா என்று பார்க்க, எம்மா பியானோ வாசிக்க, டார்வின் பக்கத்தில் புழுச் சட்டியோடு உட்கார்ந்திருந்தார். சத்தம் புழுவுக்குக் கேட்கவில்லை. சட்டியைப் பியானோ மேலேயே வைத்து வாசித்ததும் அதிர்வில் வளைக்குள் ஓடிவிட்டது! அவர் கடைசியாக எழுதிய புத்தகம் மண்புழுக்களைப் பற்றியது (1881).