ரேந்தை பின்னிய அன்னையின் இல்லம்

விசுவாசத்தின் முதற்பள்ளி குடும்பமே என்பது திருச்சபையின் போதனை. எனினும் தொழில், வீட்டுப்பொறுப்பு, நோய், பொருட்கவலை ஆகியவற்றின் நடுவே பிள்ளைகளை இறைபக்தியில் வளர்ப்பது எங்ஙனம் என்று கலங்கும் பெற்றோர் பலர். அத்தகையோர்க்கு ஆறுதலாக விளங்குவது சிறுமலர் புனித தெரேசாவின் தாயாராகிய புனித செலி மார்ட்டினின் வாழ்வு.

செலி, 1831ஆம் ஆண்டு டிசெம்பர் 23ஆம் திகதி பிரான்ஸ் நாட்டின் நோர்மண்டிப் பகுதியிலே பிறந்தார். தாயார் கண்டிப்பு மிகுந்தவர்; ஆதலால் அவரது இளமைக்காலம் மகிழ்ச்சி குன்றியதாகவே கழிந்தது. நோயாளருக்குப் பணிபுரியும் துறவறச் சகோதரியாக வேண்டுமென்று அவர் விரும்பினார். ஆயினும் அலன்சோன் நகரில் இருந்த பிறரன்புச் சகோதரிகளின் தலைவி அவரை ஏற்றுக்கொள்ளவில்லை. ஏமாற்றத்தில் மூழ்கிவிடாமல், அந்நகருக்குப் பெயர் தேடித்தந்த ரேந்தைத் தொழிலைக் கற்று, தமது 22ஆம் வயதளவில் சொந்தமாகவே அதனை ஆரம்பித்தார். பெண்கள் தத்தம் வீடுகளில் பின்னிய சிறு துண்டுகளை வியாழக்கிழமைகளில் அவரிடம் கொண்டுவந்து கொடுப்பர். இணைப்புத் தெரியாவண்ணம் அவற்றைப் பொருத்துவதே செலியின் கைத்திறன்.

1858ஆம் ஆண்டு ஜூலை 13ஆம் திகதி, மணிக்கூட்டுத் தொழில் புரிந்துவந்த லூயி மார்ட்டினை அவர் மணம் புரிந்தார். துறவற வாழ்வை விரும்பி இடம் பெறாதவர் லூயியும். இறைவன் தங்களை அழைத்த இடம் குடும்பமே என்பதை இருவரும் படிப்படியாக உணர்ந்தனர். நாள்தோறும் அதிகாலை ஐந்தரை மணித் திருப்பலியில் இருவரும் பங்குபற்றுவர். வியாபாரம் குறையுமென்று பிறர் எச்சரித்தபோதிலும், ஞாயிற்றுக்கிழமைகளில் லூயி கடையைத் திறப்பதில்லை. கடவுளின் நாள் யாதென்பதைப் பிள்ளைகள் பூட்டியிருந்த கடைக்கதவிலிருந்தே கற்றுக்கொண்டனர்.

அவ்வீட்டின் ஞானப்பயிற்சி எளிமையானது. கண்விழித்ததும் தம் இதயத்தை இறைவனுக்குக் காணிக்கையாக்கச் செலி பிள்ளைகளைப் பழக்கினார். மாலையில் மாதாவின் சுரூபத்தின் முன் குடும்பம் முழுவதும் கூடிச் செபித்தது. விட்டுக்கொடுத்தல், பொறுமை காத்தல் போன்ற சிறு தியாகங்களை மணிகளைக் கொண்டு எண்ணிவரும் பழக்கம் சிறுமிகளிடம் இருந்தது. பிடிவாதக்காரியாயிருந்த சின்னத் தெரேசாவும் நான்கு வயதில் அவ்வாறு எண்ணி மகிழ்ந்தாள். ஏழைகள் வீட்டுக்கு வந்தால் பிள்ளைகளின் கண்முன்னே உணவும் உடையும் பெற்றுச் சென்றனர்.

ஆனால் அந்த இல்லத்தில் துயரம் இல்லாமலில்லை. ஒன்பது பிள்ளைகளைப் பெற்ற செலி, நால்வரைச் சாவுக்குக் கொடுத்தார். மறைபரப்பும் குருவாக ஒரு மகன் வேண்டுமென்று அவர் மன்றாடினார். பிறந்த இரு ஆண்மக்களும் ஒரு வயது நிறையுமுன்னரே மரித்தனர். ஐந்து வயது எலேனும் பச்சிளங் குழந்தையான மெலானியும் 1870ஆம் ஆண்டிலே இறந்தனர். எனினும் அவர்களை இழந்துவிட்டதாக அவர் கருதவில்லை. விண்ணகத்தில் மீண்டும் காண்போம் என்ற நம்பிக்கையிலே எஞ்சிய பிள்ளைகளையும் வளர்த்தார்.

தாயின் மனதை ஓயாது வருத்தியவள் மூன்றாவது மகளாகிய லெயொனி. நோயாளியாயும் அடங்காதவளாயும் இருந்த அச்சிறுமி, கன்னியர்மடப் பாடசாலையிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டாள். அன்பும் பலிக்கவில்லை, கண்டிப்பும் பலிக்கவில்லை. வீட்டுப் பணிப்பெண் அவளை இரகசியமாக அச்சுறுத்தித் தன் சொற்கேட்க வைத்திருந்தமை 1877ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலேதான் வெளிப்பட்டது. பிள்ளையின் முரட்டுத்தனத்துக்குப் பின்னால் மறைந்திருந்தது பயமே என்பதைத் தாய் உணர்ந்தார். அன்று முதல் லெயொனியைத் தம் அருகிலேயே வைத்துக்கொண்டார். சிறுமியின் உள்ளமும் விரைவில் தாயின்பால் திரும்பியது.

ஆனால் செலிக்கு எஞ்சியிருந்தது சில மாதங்களே. மார்பில் தோன்றிய புற்றுநோய் குணமாகாது என்று வைத்தியர்கள் முந்திய ஆண்டின் இறுதியிலே கூறிவிட்டிருந்தனர். லெயொனிக்காகவேனும் உயிர்வாழ வேண்டுமென்று ஏங்கிய அவர், ஜூன் மாதத்தில் மூத்த புதல்வியர் மூவருடன் லூர்து திருத்தலத்துக்கு யாத்திரை சென்றார். சுகம் கிடைக்கவில்லை, விசுவாசம் தளரவுமில்லை. 1877ஆம் ஆண்டு ஓகஸ்ட் 28ஆம் திகதி, தமது 45ஆம் வயதில் அவர் இறைவனடி சேர்ந்தார். தெரேசாவுக்கு அப்போது நாலரை வயது.

அவர் விதைத்தவை பின்னரே முளைத்தன. புதல்வியர் ஐவரும் துறவறம் புகுந்தனர். நால்வர் லிசியே நகரின் கார்மேல் மடத்தில் சேர்ந்தனர். மூன்று தடவைகள் துறவறம் புகுந்து வீடு திரும்பிய லெயொனி, 1899ஆம் ஆண்டில் மாதா மினவுதல் சபையில் நான்காவது தடவையாகச் சேர்ந்து, 1941ஆம் ஆண்டில் மரணமாகும் வரை அங்கேயே நிலைத்திருந்தார். அவரைப் புனிதர் நிலைக்கு உயர்த்துவதற்கான விசாரணை 2015ஆம் ஆண்டில் ஆரம்பமாயிற்று. மறைபரப்பும் மகனை வேண்டிய தாயின் கடைசி மகள் தெரேசா, 1927ஆம் ஆண்டில் மறைபரப்பு நாடுகளின் பாதுகாவலியாக அறிவிக்கப்பட்டார். 2015ஆம் ஆண்டு ஒக்டோபர் 18ஆம் திகதி, உரோமையில் குடும்பம் பற்றிய ஆயர் மாமன்றம் நடைபெற்ற வேளையில், திருத்தந்தை பிரான்சிஸ் செலியையும் லூயியையும் ஒன்றாகவே புனிதர்களாகப் பிரகடனம் செய்தார். அவர்களது திருநாள் ஜூலை 12.

அன்பார்ந்த பெற்றோரே, செலியின் கண்கள் கண்டது லெயொனியின் முதல் மாற்றத்தை மட்டுமே. முழு விளைவையும் அவர் காணவில்லை. நம் வீட்டிலும் செபத்துக்கு வர மறுக்கும் பிள்ளையொன்று இருக்கலாம். அப்பிள்ளையைப் பிறருடன் ஒப்பிட்டுப் பழிப்பதை விடுத்து, அதன் மனதை அழுத்துவது யாதென்று கேட்டறிவோம்; அருகிலே அமர்த்திக்கொள்வோம். மாலைச் செபத்தை, அது எத்துணை சிறிதாயினும், கைவிடாதிருப்போம். துண்டு துண்டாக நாம் பின்னுபவற்றை ஒன்றாகப் பொருத்தும் கை இறைவனுடையது. புனித செலியே, எங்கள் குடும்பங்களுக்காக மன்றாடும்.