நொளம்பகுலாந்தகன் மாரசிம்மன்

மத்திகிரியிலிருந்தும் ஓசூரிலிருந்தும் சிரவணபெளகொளா செல்லும் நம் குடும்பத்தார், பெரிய மலையில் கோமடேசுவரரைத் தரிசித்த நிறைவில், எதிரேயுள்ள சந்திரகிரியை விரைந்து கண்டு திரும்பிவிடுவர். அங்கு ஜினாலயங்களின் தெற்கு வாயிலருகே நிற்கும் கூகே பிரம்மதேவர் தூணைச் சற்று நின்று பார்த்தல் நன்று. கங்க மன்னன் இரண்டாம் மாரசிம்மனின் வாழ்வு அத்தூணில் பொறிக்கப்பட்டுள்ளது.

இவன் தந்தை பூதுகன், 949ஆம் ஆண்டு தக்கோலப் போரில் யானைமேலிருந்த சோழ இளவரசன் இராசாதித்தனை வீழ்த்தியவன். 963இல் அரியணை ஏறிய மாரசிம்மனும் இராட்டிரகூடப் பேரரசன் மூன்றாம் கிருஷ்ணனுக்காக வடக்கே கூர்ச்சரரோடு பொருதான். வெற்றிதோறும் ஒரு விருதுப்பெயர் சேர்ந்தது. அவற்றுள் அவன் பெருமையாகச் சூடியது, நொளம்பர் குலத்துக்கே எமன் என்னும் பொருளுடைய நொளம்பகுலாந்தகன் என்பதாம். அருகன் நெறியினன் ஒருவன் குலநாசத்தைப் பட்டமாக ஏற்றது நம் நெஞ்சை உறுத்தவே செய்கிறது. அந்நொளம்பருள் மகேந்திரன் காலத்தில்தான் நம் தருமபுரியில் ஜினாலயத்துக்குத் தானம் வழங்கப்பட்டது. நால்வகைக் கஷாயங்களுள் மானம் எத்துணை நுண்ணியது!

கிருஷ்ணன் மறைந்தபின் பேரரசு தளர்ந்தது. 972இல் பரமார மன்னன் சீயகன் தலைநகர் மான்யகேடத்தைச் சூறையாடினான். மறு ஆண்டே சாளுக்கியத் தைலபன் இரண்டாம் கர்க்கனை வென்று ஆட்சியைக் கைப்பற்றினான். அப்போதேனும் மாரசிம்மன் தன் கங்கநாட்டைக் காத்து அமைந்திருக்கலாம். பேரரசர்க்கு முடிசூட்டும் வலிமை தன் தோளுக்கு உண்டெனத் துணிந்து, தன் உடன்பிறந்தாள் மகன் நான்காம் இந்திரனை அரியணையில் ஏற்ற முற்பட்டான். முயற்சி கைகூடவில்லை. தைலபனை அசைக்க இயலவில்லை.

பின்னர் அவன் செய்ததே அவனை நமக்கு நெருக்கமாக்குகிறது. அரசைத் துறந்து பங்காபுரம் சென்றான். ஆசாரியர் அஜிதசேனரின் திருவடியில் சல்லேகனை ஏற்று, மூன்று நாள் உண்ணாநோன்பிருந்து 974-75 வாக்கில் உயிர் நீத்தான். போர்க்களத்தில் மாய்ந்திருந்தால் மற்றுமொரு விருதுப்பெயர் கிடைத்திருக்கும். அதனை அவன் நாடவில்லை.

அவன் மறைந்ததும் கங்கநாட்டில் வாரிசுப் பூசல் மூண்டது. அமைச்சர் சாமுண்டராயரே அரசைத் தாங்கி நிறுத்தினார். கோமடேசுவரர் திருவுருவம் எழுந்ததும் அவராலேயே. அழிந்ததாகக் கூறப்பட்ட நொளம்பர் சாளுக்கியரின்கீழ் மீண்டும் ஆண்டனர். மாமன் முடிசூட்ட விரும்பிய இந்திரனோ 982இல் சிரவணபெளகொளாவிலேயே சல்லேகனையால் உடல் நீத்தான்.