பாகவதரும் நீதியின் தராசும்

தாதரிலும் மாதுங்காவிலும் உள்ள தமிழ் இல்லங்களில் வளர்ந்த நம்மில் பலருக்கு, எம். கே. தியாகராஜ பாகவதர் தாத்தா காலத்துப் பாட்டுக்காரர். சட்டம் பயிலும் நண்பர்களுக்கோ அவர் ஒரு கொலை வழக்கின் மேல்முறையீட்டாளர். கந்தர்வக் குரலையும் கைதி எண்ணையும் ஒரே மனிதருக்கு அளித்து விதி விளையாடிய கதை, மாணவர் அனைவரும் அறியத்தக்கது.

1910-ஆம் ஆண்டு மாயவரத்தில் பொற்கொல்லர் குடும்பம் ஒன்றில் தியாகராஜன் பிறந்தார். பின்னர் குடும்பம் திருச்சிக்குக் குடிபெயர்ந்தது. பள்ளிப் பாடத்தில் பையனுக்கு நாட்டமில்லை. பாட்டு ஒன்றே அவன் மூச்சாக இருந்தது. ரயில்வே அதிகாரியும் நாடகப் பிரியருமான எப். ஜி. நடேச ஐயர் அவனது குரலைக் கேட்டு வியந்து, தம் அரிச்சந்திர நாடகத்தில் லோகிதாசன் வேடம் கொடுத்தார். மதுரை பொன்னு ஐயங்காரிடம் முறையாகச் சங்கீதம் பயின்றபின், பையன் பாகவதர் ஆனான்.

1934-இல் கே. சுப்பிரமணியம் இயக்கிய பவளக்கொடி அவரைப் படவுலகுக்குக் கொணர்ந்தது. பின்னர் சிந்தாமணி, அம்பிகாபதி, திருநீலகண்டர், அசோக்குமார், சிவகவி என வெற்றி மேல் வெற்றி. பாபநாசம் சிவனின் சாகித்தியம் பாகவதரின் சாரீரத்தில் ஏறித் தெருத்தெருவாகப் பவனி வந்தது. 1944 தீபாவளிக்கு வெளியான ஹரிதாஸ், சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. ஆனால் அடுத்த தீபாவளியைப் படத்தின் நாயகர் சிறையில்தான் கழிக்க நேர்ந்தது!

அக்காலத்தில் சி. என். லட்சுமிகாந்தன் என்ற பத்திரிகையாளர் சென்னையில் இருந்தார். நடிகர் நடிகையரின் அந்தரங்கத்தை அச்சிட்டு விற்பது அவர் தொழில். முதலில் சினிமா தூது, பின்னர் இந்து நேசன். பாகவதர், என். எஸ். கிருஷ்ணன், கோவைப் பட முதலாளி ஸ்ரீராமுலு நாயுடு ஆகிய மூவரும் கவர்னரிடம் முறையிட்டு, முதல் பத்திரிகையின் அனுமதியை ரத்துச் செய்வித்தார்கள். லட்சுமிகாந்தன் அடங்கவில்லை. 1944 நவம்பர் 8-ஆம் தேதி, புரசைவாக்கத்தை அடுத்த வேப்பேரிப் பகுதியில் ரிக்ஷாவில் சென்றுகொண்டிருந்த அவரைக் கத்தியால் குத்தினார்கள். மறுநாள் அவர் பொது மருத்துவமனையில் உயிர் நீத்தார். பிறர் மானத்தை விலை பேசியவராயினும், அவரைக் கொல்ல எவருக்கும் உரிமை இல்லை. அந்தச் சாவுக்கு நீதி கேட்பது அரசின் கடமையே.

டிசம்பரில் மேற்சொன்ன மூவரும், வேறு சிலரும் கைதானார்கள். பாகவதர் கத்தி எடுத்தார் என்று எவரும் சொல்லவில்லை. கொலைக்கான சதியில் பங்குகொண்டார் என்பதே குற்றச்சாட்டு. நண்பர்களே, இங்கேதான் நாம் சற்று நின்று யோசிக்க வேண்டும். தெருவில் விழுந்த குத்தைத் தெருவில் நின்றவர் காணலாம். நான்கு சுவருக்குள் நடந்ததாகச் சொல்லப்படும் சதியை யார் கண்டார்? சதியில் உடனிருந்தவன் மட்டுமே கண்டிருக்க முடியும். குற்றவாளிகளாகச் சேர்க்கப்பட்டவர்களுள் ஒருவர் அப்ரூவராக மாறிச் சாட்சி சொன்னார். தன் கழுத்தைத் தப்புவிக்கப் பிறர் கழுத்தைக் காட்டுகிறவனின் சாட்சியை எப்படி எடை போடுவது? வழக்கின் உயிர்நாடி இந்தக் கேள்விதான்.

சென்னை ஹைகோர்ட்டில் நீதிபதி மாக்கெட் முன்னிலையில் ஒன்பது ஜூரர்கள் அமர்ந்து வழக்கைக் கேட்டார்கள். ஸ்ரீராமுலு நாயுடுவுக்காகப் பம்பாயிலிருந்து கே. எம். முன்ஷி வந்து வாதாடினார். நாயுடு விடுதலை பெற்றார். பாகவதரும் கிருஷ்ணனும் குற்றவாளிகள் என்று ஜூரர்களில் அறுவர் கூறினர், மூவர் மறுத்தனர். அன்றைய சட்டப்படி ஹைகோர்ட் ஜூரியில் குறைந்தது அறுவராவது ஒருமித்துச் சொல்லி, அதை நீதிபதியும் ஏற்றால்தான் அது தீர்ப்பாகும். ஒரே ஒருவர் மாறியிருந்தாலும் அந்தத் தண்டனை விதிக்கப்பட்டிராது. 1945 மே 3-ஆம் தேதி இருவருக்கும் ஆயுட்கால தீவாந்தர தண்டனை விதிக்கப்பட்டது.

ஹைகோர்ட்டே ஜூரியை வைத்து விசாரித்துத் தண்டித்த வழக்கில், அதே ஹைகோர்ட்டின் பெஞ்சுக்கு அப்பீல் செய்யும் உரிமை 1943-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தால்தான் கிடைத்திருந்தது. அந்தப் புதிய வாசலில் இருவரும் நுழைந்தார்கள். 1945 அக்டோபரில் அப்பீல் தள்ளுபடியானது. அடுத்து லண்டன் பிரிவி கவுன்சிலை நாடினார்கள். பிரிவி கவுன்சில் சாதாரணமாகக் கிரிமினல் வழக்குகளின் உண்மைகளுக்குள் இறங்குவதில்லை. நீதியின் நடைமுறையில் பெரும் பிழை நேர்ந்திருந்தால் மட்டுமே தலையிடும். அப்படிப்பட்ட மன்றம், அப்பீலை மறுபடி விசாரிக்கும்படி சென்னைக்குத் திருப்பி அனுப்பியது.

நீதிபதிகள் ஹாப்பெல், ஷஹாபுதீன் ஆகியோர் கொண்ட பெஞ்சு வழக்கைக் கேட்டது. பாரிஸ்டர் வி. எல். எத்திராஜின் வாதத்திறனைச் சென்னை நகரமே பேசிற்று. 1947 ஏப்ரல் 25-ஆம் தேதி இருவரும் விடுதலையானார்கள். சாட்சியம் அதேதான், அதை எடை போட்ட கைதான் வேறு. லட்சுமிகாந்தனைக் கொல்லத் தூண்டியவர் யார் என்பதற்கோ இன்றளவும் விடையில்லை.

கோர்ட்டு விடுதலை கொடுத்தது. இழந்த காலத்தை யார் கொடுப்பது? ஒப்பந்தமான படங்கள் கைநழுவிவிட்டன. செல்வமும் கரைந்தது. கலைவாணர் கிருஷ்ணன் தம் நகைச்சுவையால் மீண்டும் எழுந்தார்; பாகவதரால் எழ முடியவில்லை. பூனாவில் தங்கி அவர் தயாரித்த ராஜமுக்தி 1948-இல் வெளியாகித் தோல்வியுற்றது. அதற்கு வசனம் எழுதப் போன புதுமைப்பித்தன் நோயுற்று அதே ஆண்டில் மறைந்தார். அமரகவி, சியாமளா, புதுவாழ்வு ஆகியவையும் பழைய நாளைத் திருப்பித் தரவில்லை. நீரிழிவு உடலை அரித்தது. 1959 நவம்பர் 1-ஆம் தேதி, ஐம்பது வயது நிரம்புமுன்னே பாகவதர் கண் மூடினார்.

அவர் மறைந்த அதே ஆண்டில் இந்த மும்பையில் நானாவதி வழக்கு நடந்தது. அங்கே ஒன்பது ஜூரர்களில் எண்மர் குற்றமில்லை என்றனர். பம்பாய் ஹைகோர்ட் அதை ஏற்காமல் தண்டித்தது. ஒரு வழக்கில் ஜூரி சிறைக்கு அனுப்பிய மனிதரை மேல்மன்றம் விடுவித்தது. மற்றொன்றில் ஜூரி விடுவித்த மனிதரை மேல்மன்றம் சிறைக்கு அனுப்பியது. 1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஜூரிக்கு இடமே இல்லாமற் போயிற்று.

அப்ரூவர் சாட்சியைப் பற்றிய சட்டமும் நகர்ந்திருக்கிறது. 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 133-ஆம் பிரிவு, வேறு ஆதாரத்தின் துணையில்லாத உடந்தையாளன் சாட்சியை மட்டும் நம்பித் தண்டித்தாலும் அது சட்டவிரோதம் ஆகாது என்றது. அதே சட்டத்தின் 114-ஆம் பிரிவோ, துணையாதாரம் இல்லாவிடில் அவனை நம்பத்தகாதவனாகக் கருதலாம் என்றது. ஒரு கை திறந்த கதவை மறு கை பாதி சாத்தியது. 2024 ஜூலை முதல் நடப்புக்கு வந்துள்ள புதிய சாட்சியச் சட்டத்தின் 138-ஆம் பிரிவு, துணையாதாரம் பெற்ற சாட்சியத்தையே குறிப்பிடுகிறது. மாறிய சொற்களில் முக்கியமானது ஒன்றுதான். ஆனால் அந்த ஒரு சொல்லின் எடை எவ்வளவு என்பதைப் பாகவதரின் வாழ்வு நமக்குச் சொல்கிறது.

நாளை நம்மில் சிலர் வக்கீல்களாவோம்; சிலர் நீதிபதி ஆசனத்திலும் அமரலாம். ஒருவனை நோக்கி ஒரு விரல் நீளும்போது, அந்த விரலுக்கு உரியவன் யார், அவனுக்கு அதனால் என்ன லாபம், அவன் சொல்லுக்கு வேறென்ன துணை என்று கேட்போமாக. பாகவதருக்கு அந்தக் கேள்விகளின் பலன் கிட்டியபோது இரண்டு ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டிருந்தன.