வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்களும் 1908-ஆம் ஆண்டுத் திருநெல்வேலிக் கிளர்ச்சியும்

நம் மரபினர் இல்லங்களுள் வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்களின் திருவுருவப் படம் இல்லாத இல்லம் அரிது. ஆண்டுதோறும் செப்டம்பர் 5-ஆம் நாளில் அதற்கு மாலை சூட்டி, அப்பெரியார் நம் குலத்திற் பிறந்தவர் என்று மகிழ்கின்றோம். மகிழ்தல் தகும். ஆயினும் அன்னார் சிறைப்பட்டபோது தெருவில் வந்து நின்றோர் யாவர் என்பதையும் சங்கத்து அன்பர்களும் அவர்தம் மக்களும் அறிந்திருத்தல் வேண்டுமென்று கருதியே இதனை எழுதத் துணிந்தோம்.

பிள்ளையவர்கள் 1872-ஆம் ஆண்டில் ஒட்டப்பிடாரத்தில் உலகநாத பிள்ளைக்கும் பரமாயி அம்மைக்கும் மகனாகத் தோன்றினார். தந்தையாரைப் போலவே வக்கீல் தொழில் பூண்டார். தந்தையார் செல்வர் பக்கம் வழக்காட, மைந்தர் ஏழையர் பக்கம் நின்று அவருக்கே எதிராக வழக்காடியதும் உண்டு. கையூட்டு வாங்கிய கீழ்நிலை நீதிபதிகள் மூவர் மீது குற்றத்தை நிலைநாட்டினார் என்பர். அதிகாரிகளின் பகை வளர்தல் கண்டு அஞ்சிய தந்தையார், 1900-ஆம் ஆண்டு வாக்கில் மகனைத் தூத்துக்குடிக்கு அனுப்பிவிட்டார். பகைக்கு அஞ்சி அனுப்பிய இடத்தில் அதனினும் பெரும்பகை காத்திருந்தது!

1906-ஆம் ஆண்டு அக்டோபரில் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவாயிற்று. பங்கு ஒன்று 25 ரூபாயாக 40,000 பங்குகள். மூலதனம் 10 லட்சம். பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவரவர்கள் தலைவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் அவர்கள் ஒருவரே இரண்டு லட்ச ரூபாய்க்கு 8,000 பங்குகள் வாங்கினார். இவ்விருவரும் நம் மரபினர் அல்லர் என்பதை நேயர்கள் நோக்குக. கலியா, லாவோ என்னும் கப்பல்கள் கொழும்புக்கு ஓடத் தொடங்கியதும், அவ்வழியில் முன்பிருந்த வெள்ளையர் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. பின்னர் இலவசமாகவே ஏற்றிக் குடையும் கொடுத்தது என்பர். வாணிபப் போட்டி அவ்வளவில் நின்றிருப்பின் குறைகூற இடமில்லை. நடுநின்று முறைசெய்ய வேண்டிய சர்க்கார் அதிகாரிகளே தராசின் ஒரு தட்டில் கைவைத்தனர் என்பதே அக்காலத்து மக்களின் பெருங்குறை.

1908-ஆம் ஆண்டு பிப்ரவரி 27-ஆம் நாள் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். பிள்ளையவர்களும் சுப்பிரமணிய சிவமும் நாள்தோறும் அவர்களுக்குப் பிரசங்கம் செய்து ஊக்கமூட்டினர். மார்ச் முதல் வாரத்திலேயே ஆலையார் இணங்கினர்; கூலி உயர்ந்தது, வேலை நேரம் குறைந்தது, ஞாயிறு ஓய்வும் கிடைத்தது. எளியோர் கூடி வேலையை நிறுத்திய அளவில் வலியோர் இறங்கி வந்த இக்காட்சியே அதிகாரிகளைத் திடுக்கிடச் செய்தது என்பது எமது துணிபு.

விபின சந்திர பாலர் சிறையினின்று விடுதலையான மார்ச் 9-ஆம் நாளைக் கொண்டாட முயன்றபோது தடை பிறந்தது. தடையைப் பொருட்படுத்தாது தாமிரபரணிக் கரையில், தைப்பூச மண்டபத்தருகே மக்கள் திரண்டனர். கலெக்டர் விஞ்ச் துரை தலைவர்களை அழைத்து, நன்னடத்தைக்கு ஜாமீன் கொடுத்து ஜில்லாவை விட்டு அகலுமாறு பணித்தார். அவர்கள் மறுத்தனர். மார்ச் 12-ஆம் நாள் பிள்ளையவர்களும் சிவமும் பத்மநாப ஐயங்காரும் சிறைப்பட்டனர்.

மறுநாள் திருநெல்வேலியில் கடைகள் அடைபட்டன. மாணாக்கர் வகுப்புகளை விட்டு வெளியேறினர். கூட்டம் பெருகிக் கட்டுக்கடங்காது போயிற்று. நகரசபை அலுவலகம், தபால் நிலையம், போலீஸ் நிலையம் முதலியன தாக்குண்டன; நகரசபையின் மண்ணெண்ணெய்க் கிடங்கு பற்றி எரிந்தது. போலீஸார் சுட்டதில் நால்வர் மாண்டனர். தீயிட்டதை யாம் போற்றவில்லை. பிள்ளையவர்கள் அப்போது சிறையினுள் இருந்தார். அச்செயல் அவர் ஏவியதன்று.

தூத்துக்குடியில் நிகழ்ந்ததே எம் நெஞ்சைப் பெரிதும் கவர்வது. கூலி உயர்வு பெற்றுச் சில நாட்களே ஆன ஆலைத் தொழிலாளர், தமக்கென யாதும் கேளாது மீண்டும் வேலைநிறுத்தம் செய்தனர். நாவிதரும் சலவைத் தொழிலாளரும் ஜட்கா வண்டியோட்டிகளும் நகரசபைத் துப்புரவாளரும் தத்தம் தொழிலை நிறுத்தினர். சுதேசியத்தைப் பழித்த ஒரு வக்கீலுக்குப் பாதிச் சவரத்தில் நாவிதர் கத்தியை மடக்கிக்கொண்டு எழுந்தார் என்னும் செய்தி இன்றும் அவ்வூரில் சொல்லப்படுவது. திலகர் பெருமானின் தண்டனை கேட்டுப் பம்பாய் ஆலைத் தொழிலாளர் ஆறு நாள் வேலை நிறுத்தியது அவ்வாண்டு ஜூலையில். நம் நாட்டுத் தொழிலாளர் நான்கு திங்கள் முந்திவிட்டனர். இதே காலத்தில் கப்பல் கம்பெனியின் செல்வர்களோ, பிள்ளையவர்கள் அரசியலை விடுதல் நலம் என்று எண்ணத் தலைப்பட்டிருந்தனர். அவருள் நம்மவரும் இருந்திருப்பர் என்று சொல்ல எமக்கு நாணமாகவே இருக்கின்றது.

சர்க்கார் இரு நகரங்களிலும் தண்டப் போலீஸை நிறுத்தி, அச்செலவைக் குடிகள் தலையிலேயே வரியாகச் சுமத்தியது. ஜூலை 7-ஆம் நாள் நீதிபதி பின்ஹே பிள்ளையவர்களுக்கு இரட்டைத் தீவாந்தர சிக்ஷை விதித்தார். மேன்முறையீட்டில் உயர்நீதிமன்றம் அதனைப் பெரிதும் குறைத்தது. கோயமுத்தூர்ச் சிறையில் மாடு இழுக்கும் செக்கினை அவ்வறிஞர் இழுத்தது யாவரும் அறிந்ததே. கம்பெனி குலைந்தது, கலியா கப்பல் போட்டிக் கம்பெனிக்கே விலையாயிற்று.

1912-ஆம் ஆண்டு டிசம்பரில் கண்ணனூர்ச் சிறையினின்று வெளிவந்தபோது வாயிலில் பெருங்கூட்டம் இல்லை. தொழுநோயுற்ற சிவம் வந்திருந்தார். சன்னது பறிபோனமையால் பிள்ளையவர்கள் சென்னையில் அரிசியும் மண்ணெண்ணெயும் விற்றுப் பார்த்தார். அவ்வறுமையினூடே திருக்குறள் அறத்துப்பாலுக்கு மணக்குடவர் உரையைப் பதிப்பித்தார். வாலஸ் என்னும் ஆங்கிலேய நீதிபதியின் உதவியால் சன்னது மீண்டது. நன்றி மறவாது தம் மைந்தர் ஒருவர்க்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். வெள்ளை நிறத்தின்மேல் அவர்க்குப் பகையில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

1936-ஆம் ஆண்டு நவம்பர் 18-ஆம் நாள் தூத்துக்குடிக் காங்கிரஸ் அலுவலகத்தில் அவர் ஆவி பிரிந்தது. அதற்குச் சின்னாள் முன் எழுதிய உயிலில், மளிகைக் கடைக்கும் துணிக்கடைக்கும் தாம் தரவேண்டிய பாக்கிகளை ஒவ்வொன்றாகக் குறித்து வைத்திருந்தார்.